பழைய ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது (வேகத்தைக் கூட்டுவது) எப்படி

முதலில் தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றுங்கள். சூடாகும் கார்டில் கிளாக்கை ஏற்றி ஒரு பயனும் இல்லை.

அடுத்து, கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள். அதன் சென்சார்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்து, கார்டைச் சோதித்து ஸ்கோர் தரும் யூனிஜின் ஹெவனை 15 நிமிடம் ஓட்டுங்கள். வேகத்தைத் தடுப்பது எது என்று சொல்லும் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ வரியில் ‘தெர்ம்’ என்று வந்தால் சூடுதான் தடை. ‘பவர்’ என்றால் மின்சார வரம்பு. 60 வாட் கார்டு இது, அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும்.

பிறகு, கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை (சிப்பின் வேகத்தை) 20 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஹெவனை ஓட்டிப் பாருங்கள். இந்தக் கார்டில் +135-க்கு மேல் ஏறாது. திரை ஒரு நொடி கருத்துத் திரும்பினால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விழுந்து எழுந்திருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்று பதிவாகியிருக்கும். உடனே 20 குறையுங்கள்.

மெமரிதான் ஏமாற்றும். இந்தக் கார்டின் ஜிடிடிஆர்5 வகை மெமரி பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும் என்பதால், திரையில் புள்ளி தெரியும் முன்பே ஸ்கோர் இறங்கத் தொடங்கும். 50 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி ஹெவன் ஸ்கோரைக் குறித்து வையுங்கள். எங்கே இறங்குகிறதோ அதற்கு முந்தைய எண்ணே உங்கள் எல்லை.

சில நாள் விளையாடிப் பார்க்கும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே ஓவர்கிளாக்கைப் போடும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்.