வீட்டுப் பீரில் தேன்: எவ்வளவு, எப்போது, எப்படிச் சேர்ப்பது

தேன் சேர்த்தால் பீர் இனிக்கும் என்று நினைத்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். இனிக்காது. தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், ஈஸ்ட் இரண்டையும் கிட்டத்தட்ட மிச்சம் வைக்காமல் தின்றுவிடும், அதனால் பீர் முன்பைவிட லேசாகவும் இனிப்புக் குறைவாகவும்தான் வரும். தேன் நமக்குத் தருவது வாசனை, அது போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலையே இருக்கிறது.

ஒரு தடவையாவது சாதாரண பீர் செய்து பார்த்தவர்களுக்காக, 20 லிட்டர் கணக்கில் சொல்கிறேன். வீட்டில் பீர் காய்ச்ச உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தேனை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்ததும் பூவாசம் அடிக்காத தேன் பீருக்குள் போய் மணக்கப் போவதில்லை. உறைந்திருந்தால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும்.

2. முதல் முறைக்கு 500 கிராம் போதும். இது தொடக்க அடர்த்தியில் (நொதிக்கும் முன் கரைசலின் அடர்த்தி, தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) சுமார் 0.007 கூட்டும், ஆல்கஹால் கிட்டத்தட்ட 1 சதவீதம் ஏறும். தேனின் பங்கு ரொம்பக் கூடிப்போனால் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து பற்றாது, நொதித்தல் இழுத்தடிக்கும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களையும் அடக்கி வாசியுங்கள், கசப்பும் ஹாப்ஸ் மணமும் தூக்கலாக இருந்தால் தேன் இருக்கிற இடமே தெரியாது.

3. எப்போது சேர்ப்பது? இங்கேதான் நிதானம் வேண்டும். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கரைசல் கொதிக்கும்போதே தேனை ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பது பரவாயில்லை, ஆனால் முதல் சில நாள் நொதித்தல் மும்முரமாக நடக்கும்போது பொங்கி வெளியேறும் வாயு மிச்ச வாசனையையும் வாரிக்கொண்டு போகும். அதனால் நான் சொல்வது, நுரை எழும்பி அடங்கிய பிறகு, அதாவது நாலைந்து நாள் கழித்துச் சேருங்கள்.

4. தேனில் காட்டு ஈஸ்ட் இருக்கும் என்பதால் அப்படியே கொட்ட வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சற்று ஆறியதும் தேனைக் கரைத்து, மூடி போட்டு 70 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வையுங்கள். தெர்மாமீட்டரை விட்டுக் கண் எடுக்காதீர்கள், கொதிவந்தால் வாசனை போச்சு. அப்புறம் மூடியோடே ஆறவிட்டு, நொதிகலனின் சூட்டுக்கு வந்ததும் ஓரமாக, சலசலக்காமல் ஊற்றுங்கள். இந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் பீரில் ஈர அட்டை வாடை வரும். ஊற்றியதும் மறுபடி நுரை கிளம்பும், மேலே இடம் விட்டிருக்க வேண்டும்.

5. இனி அவசரப்படக் கூடாது. ஏர்லாக்கில் (நொதிகலனிலிருந்து வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) குமிழி நின்றுவிட்டது என்பதை நம்பிப் பாட்டிலில் அடைக்காதீர்கள், மிச்சச் சர்க்கரை உள்ளே நொதித்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி கையைக் கிழிக்கும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பிறகுதான் அடைக்க வேண்டும்.

6. பாட்டிலில் அடைக்கும்போது பீரில் வாயு ஏற்ற, அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம் இல்லையா, அதற்கும் தேனைப் பயன்படுத்தலாம். தேனில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தண்ணீர் இருப்பதால், 120 கிராம் சர்க்கரை போடும் இடத்தில் சுமார் 150 கிராம் தேன் வேண்டியிருக்கும். தேனுக்குத் தேன் இந்த அளவு மாறும், ஆகவே புதிதாகச் செய்பவர்கள் சர்க்கரையையே எடைபோட்டுச் சேர்ப்பது நல்லது.

குடிக்கும்போது கொஞ்சம் இனிப்பும் வேண்டும் என்றால் தேனை அள்ளிப்போடாதீர்கள், ஆல்கஹால்தான் கூடும். அடுத்த முறை தானியக் கலவையில் கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட் (சர்க்கரை இறுகும்படி வறுத்த மால்ட்) சேருங்கள், அதன் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட்டால் தின்ன முடியாது.