உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள்: அப்பா அம்மா போனையும் சேர்த்து

போன், ஆன்லைன் மோசடியில் பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1930-க்கு அழையுங்கள். இது இந்தியா முழுவதும் செல்லும் சைபர் மோசடி உதவி எண். அழைக்கும்போது வங்கியின் பெயர், போன தொகை, நேரம், யுபிஐ பரிவர்த்தனை எண், பணம் யாருக்குப் போனதோ அந்தக் கணக்கு அல்லது யுபிஐ ஐடி, இவ்வளவும் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். இல்லாவிட்டாலும் இருப்பதைச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். திருடியவன் அந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தள்ளிக்கொண்டே போவான், நடுவில் எங்காவது நிறுத்திப் பிடித்தால்தான் உண்டு. அதனால்தான் முதல் சில மணி நேரம் அவ்வளவு முக்கியம். காவல் நிலையத்துக்குப் போகலாமா, வீட்டில் சொல்லலாமா என்ற யோசனையெல்லாம் போன் செய்த பிறகு.

புகார் எடுத்ததும் ஒரு எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றிவிடுங்கள். வங்கிக்கும் தனியாக எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்புகையை வாங்காமல் வராதீர்கள். பணம் நிறுத்தி வைக்கப்பட்டாலும் அன்றே உங்கள் கணக்குக்குத் திரும்பி வந்துவிடாது, பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வழியாகத்தான் கிடைக்கும், கொஞ்சம் காலம் எடுக்கும். அந்த இடைவெளியில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிடுவார்கள். அதுவும் மோசடிதான்.

சரி, எதுவும் போகவில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கிற எல்லார் போனையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அப்பா, அம்மா, மாமனார், மாமியார் போன்களை.

முதல் வேலை, உங்கள் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்ப்பது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி என்ற தளத்தைத் திறந்தது. முகவரி சஞ்சார்சாத்தி டாட் கவ் டாட் இன். தேடிக் கிடைக்கிற முதல் இணைப்பைத் தட்டாமல் முகவரியைக் கையாலேயே அடியுங்கள், 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தளத்தில் எதற்கும் கட்டணம் கிடையாது. உங்கள் பேரில் உள்ள இணைப்புகளைப் பார்க்கும் பகுதிக்குள் போய், உங்கள் எண்ணைக் கொடுத்து, வருகிற ஓடிபியை அடித்தால் உங்கள் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிய எண்கள் வரிசையாக வரும். நடு இலக்கங்கள் மறைத்துத்தான் இருக்கும், ஆனால் உங்களுடையது எது, தெரியாதது எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்: இது என் எண் இல்லை, இது எனக்குத் தேவையில்லை, இது தேவை. இங்கேதான் நிதானம் வேண்டும். அப்பா பேரில் வாங்கிய சிம்மைத் தம்பி பயன்படுத்திக்கொண்டிருப்பான், பெரியப்பா வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பார், பால் கணக்குக்கென்று பழைய பட்டன் போனில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யாரிடமும் கேட்காமல் 'என் எண் இல்லை' என்று தட்டிவிட்டால் அந்த இணைப்பு சரிபார்ப்புக்குப் போய்த் துண்டிக்கப்படலாம். வீட்டில் எல்லாரிடமும் கேட்டுவிட்டு, நிச்சயமாக நம்முடையதே இல்லை என்பதை மட்டும் அப்படிக் குறியுங்கள். நீங்களே வாங்கி இப்போது பயன்படுத்தாமல் கிடப்பதற்கு 'தேவையில்லை' சரியான பதில். அதற்கும் முன்னால் அந்தப் பழைய எண் ஏதாவது வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ கேஸ் இணைப்பிலோ இருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் விட்ட எண் சில மாதம் கழித்து வேறு யாருக்காவது போய்விடும், உங்கள் வங்கி ஓடிபியும் அவர்களுக்கே போகும்.

தெரியாத எண் எப்படி நம் பேரில் வரும் என்று கேட்பீர்கள். சிம் வாங்கும் இடத்தில் "ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொல்லி இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை எடுத்துக்கொள்வது பழைய தந்திரம். அந்த சிம்மில் நாளைக்கு யாரையோ ஏமாற்றினால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. ஒருவர் பேரில் 9 சிம் வரை இருக்கலாம், ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இந்த வரம்பைத் தாண்டினால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், மறுபடி நடந்தால் 2 லட்சம் வரையும் அபராதம் என்கிறது. அதனால் "உன் ஆதாரில் ஒரு சிம் வாங்கிக் கொடு, 500 ரூபாய் தருகிறேன்" என்று கேட்கிறவர் நெருங்கிய சொந்தமாகவே இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அழைப்புத் திருப்பல். உங்களுக்கு வருகிற அழைப்பை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிட்டால், குரலில் வருகிற ஓடிபியை மோசடிக்காரன் எடுத்துக்கொள்வான். கூரியர் வந்திருக்கிறது, சிம் நின்றுவிடும் என்று ஏதாவது கதை சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு எண்ணை நம்மையே அடிக்க வைப்பார்கள். இதற்காகவே 2024 ஏப்ரல் 15 முதல் இந்தக் குறியீட்டு முறைத் திருப்பலை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் *#21# அடித்து எதுவும் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ##002# அடித்தால் எல்லாம் ரத்தாகும். அப்புறம், திடீரென்று போனில் சிக்னல் இல்லாமல் போய் பக்கத்தில் இருக்கிறவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருந்தால் டவர் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ மாற்று சிம் எடுத்திருக்கலாம். வேறொரு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அன்றே கூப்பிடுங்கள்.

குறுஞ்செய்திகளைப் படிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நிறுவனங்கள் அனுப்பும் செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடு, அதன்பின் ஒரு ஆங்கில எழுத்து வரும். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை, ஜி அரசு. மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்கிற செய்தி சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது பொய். இப்படிப்பட்ட அழைப்பையோ செய்தியையோ, நீங்கள் பணத்தை இழக்காவிட்டாலும், சஞ்சார் சாத்தியில் சக்ஷு என்கிற பகுதியில் புகார் செய்யலாம், வந்து 30 நாளுக்குள் இருக்க வேண்டும். நமக்குத்தான் எதுவும் ஆகவில்லையே என்று பலர் இதைச் செய்வதில்லை. உங்களிடம் தோற்றவன் அதே எண்ணில் அடுத்த வீட்டு ஆத்தாவைக் கூப்பிடுவான்.

வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. யாரிடமும் சொல்லாதே, அறைக் கதவைச் சாத்து என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன், திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். நம்மிடம் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம்தான் பெரியவர்களை அந்த அறைக்குள்ளேயே உட்கார வைக்கிறது.

போன் தொலைந்தால் செய்ய வேண்டியதற்கும் இன்றே தயாராகலாம். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, நோட்டில் எழுதுங்கள், வாங்கிய பில்லைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். தொலைந்தபின் முதலில் காவல் புகார், பிறகு அதே எண்ணில் மாற்று சிம் (ஓடிபி அதில்தான் வரும்), அதன்பின் சஞ்சார் சாத்தியில் தடைக் கோரிக்கை என்ற வரிசையில் போங்கள். தடை விழுந்ததும் அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் தடையை நீக்கிவிட்டுத்தான் சிம் போட வேண்டும்.

சஞ்சார் சாத்தி என்ற பெயரிலேயே ஆப்பும் இருக்கிறது. விருப்பமிருந்தால் போடுங்கள், கட்டாயமில்லை. 2025 நவம்பர் கடைசியில் புதுப் போன்கள் எல்லாவற்றிலும் இதை முன்கூட்டியே போட்டு விற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டு, எதிர்ப்பு வலுத்ததும் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது சரி என்றே நினைக்கிறேன். மக்களே தேடிப் போய்ப் பயன்படுத்துகிற அளவுக்கு நல்ல வசதி இது, அதைப் போனுக்குள் திணித்தால் சந்தேகம்தான் வளரும்.

அரசு இங்கே செய்ய வேண்டியது, நேரில் சொல்லிக் கொடுப்பது. தமிழ்நாட்டில், கிராமங்களுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் வழியாக நடக்கிறது. கேபிள் வந்து சேர்கிற ஊருக்கு மோசடிக்காரனும் வந்து சேருவான். உங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபை கூடும்போது, பெரியவர்களின் சிம் பட்டியலைப் பார்த்துக் கொடுக்க இ-சேவை மையத்தில் அரை நாள் முகாம் வேண்டும் என்று எழுந்து கேளுங்கள், அதைத் தீர்மானத்தில் எழுதவும் சொல்லுங்கள்.