மேலவை ஏன் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது? செய்தியைப் படிக்கப் பழகுவோருக்கு ஒரு செய்முறை

இந்தியப் பாராளுமன்றத்தின் மேலவையான மாநிலங்களவை பற்றி 2023 ஜூலையில் ஓர் இரவு நான் எழுதிய தலைப்பு இது: ‘மணிப்பூர் விவாதத்துக்கு அரசு மறுப்பு; மாநிலங்களவை ஒத்திவைப்பு.’ இரண்டு பத்திக்குள் கச்சிதமாக அடங்கியது. வடிவமைப்பாளருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலை, பாராளுமன்ற உரைகளைப் பதிவுசெய்யும் ஹன்சாட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, அரசு மறுக்கவில்லையே. விவாதத்துக்குத் தயார் என்றல்லவா சொன்னது? நான்காவது பந்தியில் நீரே எழுதியிருக்கிறீர்.”

எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தேன். ஆளுங்கட்சியும் விவாதம் வேண்டும் என்கிறது, எதிர்க்கட்சியும் விவாதம் வேண்டும் என்கிறது, அவை மட்டும் நடக்கவில்லை. இந்த மூன்றும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று நான் யோசிக்கவே இல்லை. “சண்டை விவாதம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. எந்த இலக்கத்தின் கீழ் என்பதில்தான் இருக்கிறது. இலக்கத்தைப் பாரும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வைத்துவிட்டார்.

அன்று தொடங்கி நான் பழகிய முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். வெளிநாட்டுச் செய்தி மேசையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், ‘மேலவையில் அமளி’ என்ற வரியைத் தாண்டி வாசிக்க விரும்புகிறவர்களுக்கும் இது உதவும். தேவையானவை: அந்த அவையின் அன்றைய நிகழ்ச்சி நிரல், அதன் நடைமுறை விதிப் புத்தகம் (இரண்டும் அவையின் இணையத்தளத்தில் இலவசம்), ஒரு பென்சில், அரை மணி நேரம்.

படி 1: தலைமைக் கதிரைக்கு எவ்வளவு அதிகாரம் என்று பாருங்கள்

எல்லா மேலவையும் ஒன்றல்ல. இந்திய மாநிலங்களவையின் தலைவர், நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர். எந்த அறிவித்தலை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது பெரும்பாலும் அவருடைய சம்மதத்தில் தங்கியிருக்கிறது. ஆகவே டெல்லியில் நேரத்துக்கான சண்டை எப்போதும் கதிரையை நோக்கியே நடக்கும்.

இலண்டன் பிரபுக்கள் சபை இதற்கு நேர்மாறு. அங்கே பிரபுக்களின் சபாநாயகர் என்ற பதவியே 2006இல்தான் வந்தது. அவருக்கு ஒருவரைப் பேச அழைக்கவோ, ஒழுங்கு மீறியவரை அடக்கவோ அதிகாரமில்லை. கட்சிக் கொறடாக்கள் திரைக்குப் பின்னால் பேசி முடிவெடுப்பார்கள். பேச்சு முறிந்தால் அவையே வாக்கெடுக்கும். அங்கே சண்டை உறுப்பினர்களுக்கிடையில்தான்.

நம்மவர்களுக்கு இது சற்று அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை. இலங்கையில் நமக்கும் ஒரு மேலவை இருந்தது. 1947இல் தொடங்கிய செனற் சபையில் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது, 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க இந்தச் சபை வழியாகத்தான் பாராளுமன்றத்துக்குள் வந்தார். 1971 ஒக்டோபரில் அது ஒழிக்கப்பட்டது. கோட்டையில் சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையில் வெளிவிவகார அமைச்சு இயங்குகிறதே, அந்தக் கட்டடம்தான் செனற் கூடிய இடம். அமைச்சில் சான்றிதழ் உறுதிப்படுத்த வரிசையில் நின்ற எத்தனையோ பேருக்கு அது தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரியாது.

படி 2: அன்றைய நாளை மணிக்கணக்காக வெட்டுங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு மாநிலங்களவையின் நாளை எழுதிப் பாருங்கள். காலை 11 மணிக்குக் கூடும். முதலில் ஆவணங்கள் சமர்ப்பிப்பு. அதன்பின் உறுப்பினர்கள் அவசர விடயங்களைச் சில நிமிடங்களில் எழுப்பும் நேரம், அதாவது பூச்சிய நேரம். நண்பகல் 12க்குக் கேள்வி நேரம். 2014 இறுதியில்தான் இது 11 மணியிலிருந்து 12க்கு மாறியது. மதிய உணவுக்குப் பிறகு சட்டமூலங்கள். வெள்ளி பிற்பகல் தனி உறுப்பினர்களுக்கு.

இப்போது செய்திக்கு வாருங்கள். ‘12 மணிவரை ஒத்திவைப்பு’ என்றிருந்தால் பூச்சிய நேரம் போயிற்று, கேள்வி நேரம் தப்பக்கூடும். ‘பிற்பகல் 2 மணிவரை’ என்றிருந்தால் கேள்வி நேரமும் போயிற்று. ஆனால் அரசின் சட்டமூலங்களுக்குரிய நேரம் அப்படியே இருக்கிறது. ஒத்திவைப்பினால் யாருடைய நேரம் கரைகிறது என்பது இந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். அமளி செய்பவரின் நேரம்தான் பெரும்பாலும் முதலில் கரைகிறது. இதைச் செய்தி நிறுவனங்கள் அதிகம் எழுதுவதில்லை.

படி 3: இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

இங்கேதான் ஆறுதலாக இருந்து படிக்க வேண்டும். மாநிலங்களவைச் செய்தியில் நான்கு விதி இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்.

180: கவன ஈர்ப்பு. அமைச்சர் ஓர் அறிக்கை விடுவார், உறுப்பினர்கள் விளக்கம் கேட்பார்கள். அவ்வளவுதான்.

176: குறுகிய கால விவாதம். ஓர் உறுப்பினர் அறிவித்தல் கொடுத்து, வேறு இருவராவது ஆதரித்துக் கையொப்பமிட வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேற்படாது. அவை முன் பிரேரணையும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், எழுந்து போவார்கள்.

167: பொதுநலன் சார்ந்த பிரேரணை. பிரேரணை என்றால் அதன்மேல் அவை முடிவு சொல்ல வேண்டும். வாக்கெடுப்புக்கு இடம் உண்டு.

267: விதி இடைநிறுத்தம். அன்றைய அலுவலைத் தள்ளிவைத்துவிட்டு, குறிப்பிட்ட விடயத்தை உடனே எடுக்கச் சொல்வது.

கொழும்பு வாசகருக்கு இதை தியவன்னா ஓயாவில் உள்ள நம் பாராளுமன்றக் கணக்கில் சொல்கிறேன். கட்சித் தலைவர் ஒருவர் நிலையியற் கட்டளை 27/2இன் கீழ் கேள்வி எழுப்புவது வேறு, ஒத்திவைப்புவேளைப் பிரேரணை வேறு, நம்பிக்கையில்லாப் பிரேரணை வேறு. மூன்றிலும் அதே அமைச்சரைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் முதலாவதில் அமைச்சர் தாளைப் பார்த்துப் பதில் வாசித்துவிட்டு அமரலாம்; கடைசியில் அவருடைய பதவியே வாக்குக்கு வருகிறது. இலக்கம் மாறினால் ஆபத்து மாறுகிறது.

அப்படியானால் டெல்லியில் எல்லோரும் ஏன் 267ஐயே பிடித்துத் தொங்குகிறார்கள்? கீழவையான மக்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அரசைக் கண்டிக்கும் தன்மை உண்டு. மாநிலங்களவையில் அது இல்லை. அமைச்சரவை மக்களவைக்கே பொறுப்புக்கூற வேண்டும் என்பதால் மேலவைக்கு அந்த ஆயுதம் கொடுக்கப்படவில்லை. வாசல் இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாக ஏறுவதுபோல, எதிர்க்கட்சிகள் 267 வழியாக ஏறுகின்றன. ஜன்னல் அதற்காக வைக்கப்பட்டதா என்பதுதான் வழக்கு.

படி 4: விதியின் வாசகத்தை நீங்களே வாசியுங்கள்

விளக்கவுரைகளை நம்பாதீர்கள். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

267ஆம் விதி சொல்வதைத் தமிழில் சுருக்கினால்: தலைவரின் சம்மதத்துடன், எந்த உறுப்பினரும், அவையின் அன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள அலுவலுடன் தொடர்புடைய பிரேரணைக்காக ஒரு விதியை இடைநிறுத்தும்படி பிரேரிக்கலாம். இந்த வாக்கியத்தில் இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். முதலாவது, ‘தலைவரின் சம்மதத்துடன்’. இரண்டாவது, ‘அன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள அலுவலுடன் தொடர்புடைய’.

இரண்டாவது சொற்றொடர் ஆதியில் இருந்ததல்ல. 2000ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதன் விளைவு வேடிக்கையானது: நிரலில் ஏற்கெனவே இருக்கும் விடயத்துக்காகத்தான் விதியை நிறுத்தலாம். எதிர்க்கட்சிகளோ நிரலில் இல்லாத விடயத்தைக் கொண்டுவரத்தான் 267ஐ நாடுகின்றன. எழுத்தைப் பிடித்துப் பார்த்தால் அவர்களின் அறிவித்தல்களில் அநேகமானவை நிற்காது. ஆனால் எழுத்தை மட்டும் பிடித்திருந்தால், 2016 நவம்பர் 16இல் பணமதிப்பிழப்பு விவாதம் அதே விதியின் கீழ் தொடங்கியிருக்கவும் முடியாது. அன்று அரசு இணங்கியது, கதிரையும் சம்மதித்தது. ஆக, முதலாவது கோடுதான் கனமானது என்பது என் கருத்து.

அந்த 2016 விவாதமும் முடிவுக்கு வரவில்லை என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். பிரதமர் அவையில் இருந்து கேட்க வேண்டும் என்ற அடுத்த சண்டையில் அது தேங்கிப்போயிற்று. 267 கிடைத்தால் எல்லாம் கிடைத்தது என்றில்லை.

படி 5: ஓர் உதாரணத்தை முழுதாக ஓட்டிப் பாருங்கள்

நான் சறுக்கிய அதே இடம். மணிப்பூரில் வன்முறை 2023 மே 3இல் வெடித்தது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 20இல் தொடங்கியது. அரசு சொன்னது: 176இன் கீழ் விவாதிக்கத் தயார். எதிர்க்கட்சிகள் சொன்னவை: 267 வேண்டும், பிரதமரின் அறிக்கை வேண்டும்.

இப்போது படி 3ஐ இதன்மேல் வையுங்கள். 176 என்றால் இரண்டரை மணி நேரம், வாக்கில்லை, உள்துறை அமைச்சர் பதில் சொன்னால் கதை முடிந்தது. 267 என்றால் மற்ற அலுவல் எல்லாம் நின்று, நாடே பார்க்கும். அரசு கேட்டது நேர வரம்பு; எதிர்க்கட்சி கேட்டது பிரதமரின் வாய். இரண்டு பக்கமும் ‘விவாதத்துக்குத் தயார்’ என்று சொன்னது பொய்யல்ல; இரண்டும் வேறுவேறு விவாதங்கள்.

ஜூலை 24இல் ஆம் ஆத்மி உறுப்பினர் சஞ்சய் சிங் கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கப்பட்டார். ஆகஸ்ட் தொடக்கத்தில் எதிர்க்கட்சிகள் 167இன் கீழ் விவாதிக்கலாம் என்று நடுவழி ஒன்றை முன்வைத்தன, அதுவும் கைகூடவில்லை. இதற்கிடையில் கீழவையில் அவர்கள் வேறு வாசலைத் திறந்துவிட்டார்கள். அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஏற்கப்பட்டது. ஆகஸ்ட் 8 முதல் 10 வரை விவாதம், பிரதமர் பதில், குரல் வாக்கில் தோல்வி. தோற்கும் என்று தெரிந்தே கொண்டுவந்தார்கள். பிரதமர் பேசினாரா இல்லையா? பேசினார். ஆகஸ்ட் 11இல் கூட்டத்தொடர் முடிந்தபோது, மாநிலங்களவையில் மணிப்பூர் விவாதம் நடந்தேறியிருக்கவில்லை.

படி 6: கதிரைக்குப் பலமில்லாத அவையில் ஒரு முறை பழகுங்கள்

2019 செப்டம்பர் 4, இலண்டன். உடன்படிக்கை இல்லாத பிரெக்சிட்டைத் தடுக்கும் சட்டமூலம் பொதுமக்கள் சபையில் நிறைவேறி மேலவைக்கு வரவிருக்கிறது. சில நாட்களில் பாராளுமன்றக் கூட்டத்தொடரே முடித்துவைக்கப்படும். அதற்குள் நிறைவேறாவிட்டால் சட்டமூலம் செத்துவிடும். தொழிற்கட்சியின் பிரபுக்கள் சபைத் தலைவி ஓர் அலுவல் பிரேரணை கொண்டுவந்தார்: எந்தக் கட்டம் எந்த மணிக்கு முடிய வேண்டும் என்று நேரம் குறிக்கும் பிரேரணை. அரசின் பக்கத்துப் பிரபுக்கள் அந்த நேர அட்டவணைக்கே கட்டுக்கட்டாகத் திருத்தங்கள் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு திருத்தத்திலும் பேச்சை நிறுத்த ஒரு பிரேரணை தேவைப்பட்டது. அது மிக அசாதாரணமான நடைமுறை என்ற எச்சரிக்கையைத் தலைமையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் வாசித்தாக வேண்டும். வாசித்தார்கள். மணி அடித்து வாக்கு. பிறகு திருத்தத்துக்கு இன்னொரு வாக்கு. பிறகு அடுத்த திருத்தம், மறுபடியும் அதே எச்சரிக்கை. லிபரல் ஜனநாயகப் பிரபு ஒருவர் போர்வையும் மாற்றுடுப்பும் சவரப் பொருட்களுமாக வந்து சேர்ந்திருந்தார். பின்னிரவு ஒரு மணி தாண்டிய பிறகு அரசின் தலைமைக் கொறடா எழுந்து, வெள்ளி மாலை 5 மணிக்குள் சட்டமூலம் முடிக்கப்படும் என்று அறிவித்தார். செப்டம்பர் 9இல் அது சட்டமாகிற்று.

அந்த இரவில் சட்டமூலத்தைப் பற்றிய விவாதம் இன்னும் தொடங்கியிருக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முழு இரவும் கடிகாரத்தைப் பற்றித்தான்.

படி 7: தலைப்பை எழுதிப் பாருங்கள்

புதியவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. புரிந்ததா இல்லையா என்பதைத் தலைப்பு காட்டிக்கொடுத்துவிடும். ‘அமளி’ என்ற சொல்லை ஒரு வாரத்துக்கு உங்களுக்கு நீங்களே தடைசெய்துகொள்ளுங்கள். ‘மறுப்பு’ என்று எழுதுமுன், யார், எதை, எந்த இலக்கத்தின் கீழ் மறுத்தார் என்று தாளின் ஓரத்தில் எழுதுங்கள். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றால் அந்தச் சொல்லை அடியுங்கள்.

அந்த ஜூலை இரவின் தலைப்பை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மணிப்பூர் விவாதம் எந்த விதியின் கீழ்? இழுபறியில் மாநிலங்களவை ஒத்திவைப்பு.’ இது இரண்டு பத்திக்குள் அடங்காது. வடிவமைப்பாளரிடம் மூன்றாகக் கேளுங்கள்; தேநீர் வாங்கிக் கொடுத்தால் கிடைக்கும்.