எண்டோஸ்கோப் பயாப்ஸி வால்வு: கசியாத அடைப்பை வடிவமைக்கும் முறை

எண்டோஸ்கோப் என்பது உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கேமராக் குழாய். அதன் கருவிச் சேனல், அதாவது கருவிகளை உள்ளே நுழைக்கும் வழியின் வாயில் மாட்டும் சின்ன ரப்பர் மூடிதான் பயாப்ஸி வால்வு. அதிலுள்ள பிளவு வழியாகக் கருவி நுழையும். அது கசிந்தால் பித்தநீரும் மலநீரும் மருத்துவரின் கையிலும் முகத்திலும் தெறிக்கும். உள்ளே செலுத்திய காற்றும் வெளியேறும். குடல் சுருங்கிப் பார்வை மறையும். இந்த வால்வை முதன்முதலாக வரைபவர்கள், கருவி நேராக நுழைந்து நேராக வெளிவரும் என்று வைத்துக்கொண்டு வரைகிறார்கள். உண்மையில் பெரும்பாலான கசிவு, கருவி பக்கவாட்டில் இழுபடும்போதுதான் வருகிறது. கீழே உள்ளவற்றை இந்த ஒன்றை மனத்தில் வைத்தே படியுங்கள்.

முதலில் எண்கள்

இரைப்பை ஸ்கோப்பின் சேனல் பொதுவாக 2.8 மி.மீ., பெருங்குடல் ஸ்கோப்புக்கு 3.7 அல்லது 3.8, பித்தநாளச் சிகிச்சைக்கான டியோடினோஸ்கோப்புக்கு 4.2. இவற்றில் போகும் மெல்லிய பொருள்களில் ஒன்று 0.89 மி.மீ. கைடு ஒயர், அதாவது வழிகாட்டும் கம்பி. திசு எடுக்கும் இடுக்கியான பயாப்ஸி ஃபோர்செப்ஸ் 2.4 மி.மீ. அளவில் இருக்கும், சில கருவிகள் 3 மி.மீ.க்கும் மேல். ஆக, நான்கு மடங்கு விட்ட வேறுபாட்டை ஒரே அடைப்பு சமாளிக்க வேண்டும்.

அழுத்த இலக்காக 1 மீட்டர் நீர் உயரத்தை வையுங்கள்; அது சுமார் 74 மி.மீ. பாதரசம். சிறுநீர்க்குழாய் ஸ்கோப்புக்கு இது போதாது. அங்கே நீர் பாய்ச்சும் அழுத்தப் பையை 300 மி.மீ. பாதரசம் வரை ஏற்றினால் 4 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். அதற்குத் திருகி இறுக்கும் வகை அடைப்பே சரி. இரண்டு வேலைக்கும் ஒரே வால்வு என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது.

பிளவின் கணக்கு

நேர்க்கோட்டுப் பிளவு ஒன்றில் உருண்டையான தண்டு நுழையும்போது, பிளவின் இரு முனைகளிலும் முக்கோண இடைவெளி விழும். திரவம் வரும் வழி அதுதான். பிளவு நீளம் 2.5 மி.மீ. என்றால் அதன் இரு உதடுகளும் சேர்ந்து 5 மி.மீ. சுற்றளவு. 2.4 மி.மீ. ஃபோர்செப்ஸின் சுற்றளவு 7.5 மி.மீ.; ரப்பர் ஏறக்குறைய 50 சதவீதம் நீண்டு தண்டை இறுகப் பிடிக்கும். அதே பிளவில் 0.89 ஒயர் போனால் சுற்றளவு 2.8 மட்டுமே. பிடி தளர்ந்துவிடும். பிளவை இன்னும் சிறிதாக்கினால் தடித்த கருவி அதைக் கிழிக்கும்.

எனவே ஒரே தட்டை நம்பாமல் அடுக்காக வையுங்கள்:

1. மேலே பிளவுள்ள இரண்டு சிலிகான் தட்டுகள், ஒவ்வொன்றும் 1 முதல் 1.5 மி.மீ. தடிப்பில். ஒன்றின் பிளவு மற்றதற்கு 90 பாகை திரும்பியிருக்கட்டும். ஒன்றின் முக்கோண இடைவெளியை மற்றதன் உதடு மறைக்கும்.

2. தட்டு பொருந்தும் கூட்டின் உள்விட்டம், தட்டை விட 1 முதல் 3 சதவீதம் சிறியதாக இருக்கட்டும். அந்த நெருக்கமே ஒயரைச் சுற்றி உதடுகளை மூட வைக்கிறது. அதிகம் நெருக்கினால் தட்டு சுருங்கி அலையாக மடியும்.

3. அடியில் வாத்து அலகு வடிவ வால்வு. அலகு சேனல் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். உள்ளழுத்தம் ஏறினால் அலகு இன்னும் இறுக மூடும். கருவி இல்லாத நேரத்தைக் காப்பது இதன் வேலை. கருவி உள்ளே இருக்கும்போது இதை நம்ப வேண்டாம்.

தட்டையான தட்டு அழுத்தத்தில் வெளிப்பக்கம் புடைத்துப் பிளவு திறக்கும். சேனல் பக்கம் குவிந்த மெல்லிய குவிமாடமாக வார்த்தால் அழுத்தமே அதை மூடும். செலவில்லாத திருத்தம் இது; ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள்.

பக்கவாட்டு இழுப்பு

தட்டுக்கு மேலே 6 முதல் 8 மி.மீ. நீளத்தில் கடினமான கழுத்து ஒன்று வையுங்கள். அதன் உள்விட்டம், தடித்த கருவியை விட 0.4 மி.மீ. மட்டும் கூடுதல். மருத்துவர் கையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் சுமையைக் கழுத்து ஏற்கும், பிளவுக்குப் போகாது. கழுத்தின் விளிம்பை 1 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள், இல்லையெனில் ஒயர் அங்கே மடிந்து நெளியும்.

ஆனால் அகலக் கழுத்தில் 0.89 ஒயர் தாராளமாக ஆடும். பித்தநாளச் சிகிச்சையில் ஒயர் நகராதிருக்க அதை வால்வுக்குப் பக்கத்திலுள்ள பூட்டில் மாட்டி வைப்பார்கள். அந்த இழுப்பு பிளவை நிரந்தரமாகத் திறந்து வைக்கும். இதற்குத் தட்டின் ஓரத்தில் மெல்லிய மடிப்பு வளையம் ஒன்று வார்த்து, மையப்பகுதி 1 முதல் 1.5 மி.மீ. பக்கவாட்டில் நகரும்படி விடுங்கள். ஒயர் போகும் பக்கம் பிளவும் கூடவே போகும்.

பொருள்

30 முதல் 50 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினமுள்ள மருத்துவ சிலிகான் எடுங்கள். மென்மையானது நன்றாக அடைக்கும், ஆனால் ஃபோர்செப்ஸின் கூர்வாய் அதைச் சுரண்டித் துணுக்குகளைச் சேனலுக்குள் தள்ளும். பிளவின் முனையில் வட்டத்துளை போட்டால் கிழியாது. ஆனால் அந்தத் துளையே கசிவுப் பாதையாகும். முனைப்பகுதியைச் சற்றுத் தடிப்பாக்குவதே மேல்.

பிளவை அச்சிலேயே வார்க்காதீர்கள், வார்த்த பின் கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய முகங்கள் கிடங்கில் இருக்க இருக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோரோசிலிகான் எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் ஒட்டாது. சாதாரண சிலிகான் எண்ணெய் தட்டுக்குள் ஊறி அதை உப்பச் செய்யும். காமா கதிரால் கிருமிநீக்கம் செய்தால் சிலிகான் சற்று இறுகும். கடினத்தை அதற்குப் பிறகே அளவிடுங்கள்.

சோதனை

வெறும் தண்ணீரில் தேர்ந்தால் போதாது. நுரை அடக்கச் சேர்க்கும் சைமெத்திகோனும் பித்தநீரும் திரவத்தின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். தண்ணீர் நுழையாத இடுக்கில் அவை நுழையும். சாயமும் சிறிது சோப்பும் கலந்த நீரை 37 பாகை செல்சியஸில், 1 மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஒயர், ஃபோர்செப்ஸ், மிகத் தடித்த கருவி மூன்றையும் தனித்தனியே நுழைத்து, 45 பாகை சாய்த்து, 200 கிராம் எடையைத் தொங்கவிட்டு, 5 நிமிடம் விடுங்கள். கசிவை வடிதாளில் ஒற்றி, 0.01 கிராம் துல்லியத் தராசில் நிறுங்கள். பிறகு ஃபோர்செப்ஸை 50 முறை உள்ளே வெளியே இழுத்து, மறுபடியும் அதே சோதனை.

நுழைக்கும் விசையையும் பதிவு செய்யுங்கள். 2 நியூட்டனுக்குள் அடக்கப் பாருங்கள். அதற்கு மேல் போனால் கருவி நுனியில் திசு தரும் தடையை மருத்துவரின் விரல் உணராது.

உடலோடு ஒத்துப்போவதற்கு ஐஎஸ்ஓ 10993, அபாயக் கணக்குக்கு ஐஎஸ்ஓ 14971 என்பவை வழக்கமானவை. கிடங்கில் நாள்படுவதன் விளைவை வெப்பத்தால் விரைவாகக் காட்டும் முதுமைச் சோதனையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெப்பம் 10 பாகை ஏறினால் முதுமையின் வேகம் இரட்டிக்கும் என்ற கணக்கில், 25 பாகைக் கிடங்கின் ஓர் ஆண்டுக்கு 55 பாகை அடுப்பில் 46 நாள். அப்படி முதிர்ந்த மாதிரியை அடுப்பிலிருந்து எடுத்ததும் கையால் திறந்து பார்க்காமல் நேரே விசைமானியில் மாட்டுங்கள். ஒட்டிய பிளவின் அடையாளம் முதல் நுழைப்பில் மட்டுமே தெரியும். இரண்டாவது நுழைப்பின் எண் எப்போதும் அழகாகத்தான் வரும்.