இடப்பக்கமே போன அம்புகள்

வில் வாங்கப்போகிறேன் என்றதும், மட்டக்களப்பில் மாமா கேட்ட முதல் கேள்வி: “மான் அடிக்கவா மனே?” 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கும்போது மானாவது மரையாவது! எனக்கு வைக்கோல் இலக்கே போதும்.

ஆனால் ஆசையில் நாணை முழுதாக இழுக்க 40 இறாத்தல் விசை வேண்டிய ரீகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வாங்கிவிட்டேன். வேட்டைக்கு அனுமதியுள்ள சில அமெரிக்க மாநிலங்களில் மானுக்கே ஆகக்குறைந்த அளவு அதுதான். பத்து அம்பிலேயே தோள் நடுங்கியது. நடுப்பிடியை வைத்துக்கொண்டு, அதன் மேலும் கீழும் வளையும் தகடுகளை மட்டும் 24 இறாத்தலுக்கு மாற்றினேன்.

நடுக்கம் போனது. அம்புகளோ எல்லாம் இடப்பக்கம். நாணைச் சந்தேகித்தேன், விரலைச் சந்தேகித்தேன், அம்பு விற்றவரையும் விடவில்லை. கடைசியில் இரு கைகளையும் நீட்டிச் சேர்த்து, நடுவே சிறு ஓட்டை விட்டு, இரு கண்ணும் திறந்தபடி ஒரு தென்னங்குரும்பையைப் பார்த்தேன். வலக்கண்ணை மூடினால் குரும்பை அங்கேயே நின்றது. இடக்கண்ணை மூடினால் காணவில்லை. வலக்கையால் நாணிழுக்கும் எனக்குக் குறிபார்ப்பது இடக்கண்! அதனால்தான் அம்புகள் இடப்பக்கம் போயின.

இடக்கையால் நாணிழுக்கும் வில்லுக்கு மாறுவதே சரியான வழி. அதற்கு வேறு நடுப்பிடி வேண்டும், கையில் காசில்லை. இடக்கண்ணைத் துணியால் மறைத்து எய்தேன். அன்று பின்னேரமே அம்புகள் நடுவுக்கு வந்தன. மாமா மட்டும் இன்னும் இறைச்சி கேட்கிறார்.