திருகோணமலையில் பூட்டன் யாரென்று தேடுவது

பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய பதிவுகளில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் கூடு ஒன்று உண்டு. அந்த ஆண்டு பெரும்பாலும் குத்துமதிப்பு. பதிவு இலக்கம் தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வருட இடைவெளிக்குள்தான் தேடுவார்கள். ஆகவே முதலில் பாட்டனாரின் வயதை அவருடைய மரணச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள்.

அதற்கு மேலே போகக் காணி உறுதிதான் கைகொடுக்கும். உறுதியின் கடைசியில் காணியை விவரிக்கும் அட்டவணையில் நாலெல்லையைப் படியுங்கள். ‘வடக்கு: இன்னாரின் வளவு’ என்று வருபவர் பலவேளை கூடப்பிறந்தவர், ஒரே வளவைத்தானே பங்கு பிரித்தார்கள்! முன்னைய உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போகலாம். வெறுமனே ‘முதுசம்’, அதாவது பரம்பரைச் சொத்து, என்றிருந்தால் தொடர் அங்கே அறும். அப்போது மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குக் கோவையை, அதாவது இறந்தவரின் சொத்து வாரிசுகளுக்குப் போன வழக்கின் கோவையை, கேளுங்கள். கோபித்துக்கொண்டு போன பிள்ளையின் பெயரும் வாரிசுப் பட்டியலில் இருக்கும்.

பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்ப வரும். தகப்பன் பெயரும் மனைவி பெயரும் பொருந்தாமல் இருவரை ஒருவராக்காதீர்கள்.