பாம்புக்குப் பயந்து இடுப்புல ஹேண்ட்கன்: வேட்டைக்குப் போறவங்க பண்ற தப்புகள்

டெக்சாஸ்ல பல இடங்கள்ல செப்டம்பர் 1 பிறந்தா டவ் சீசன், அதாவது புறா வேட்டை, ஆரம்பிச்சிடும். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற யாராவது வாங்கன்னு கூப்பிடுவாங்க, நம்மாளுங்களும் இப்ப நிறைய பேர் போறாங்க. போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான், பாம்பு இருக்குமாமே, ஒரு பிஸ்டல் வாங்கி இடுப்புல வச்சுக்கட்டுமா? பயம் நியாயம்தான். சவுத் டெக்சாஸ் புதர்க்காடு பூரா மெஸ்கீட் மரம், நம்ம சீமைக்கருவேலத்துக்கு சொந்தக்கார மரம், கீழ சப்பாத்திக்கள்ளி, அது நிழல்ல டைமண்ட்பேக் ராட்டில்ஸ்நேக், அதாவது வால்ல கிலுகிலுப்பை இருக்கிற விஷப்பாம்பு, சுருண்டு படுத்திருந்தா பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. ஆனா அந்தத் துப்பாக்கிய நம்பி சிலர் பண்றதப் பாத்தாதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு, அதான் எழுதறேன்.

முதல் தப்பு, துப்பாக்கி இருக்குங்கிற தைரியத்துல தரையப் பாக்காம நடக்கிறது. ராட்டில்ஸ்நேக் எப்பவும் வால ஆட்டி சத்தம் குடுத்துட்டுதான் கடிக்கும்னு நினைக்காதீங்க, பல நேரம் அசையாம கிடக்கும். பாம்பால தன் உடம்பு நீளத்துல மூணுல ஒரு பங்குலேர்ந்து பாதி வரைக்கும்தான் பாய்ஞ்சு கொத்த முடியும், அப்ப 4 அடி பாம்புன்னா சுமார் 2 அடி. நீங்க அத 6 அடி தள்ளி பாத்துட்டீங்கன்னா தப்பிச்சாச்சு, ரெண்டு எட்டு பின்னாடி வச்சு சுத்திப் போயிடலாம், சுடவே தேவையில்ல. பாக்காம மிதிச்சிட்டீங்கன்னா, உங்க கை இடுப்புக்குப் போறதுக்குள்ள கடிச்சு முடிச்சிருக்கும். ரெண்டுல எதுலயுமே அந்த பிஸ்டலுக்கு பெருசா வேலை இல்லைங்க.

புறா வேட்டையில கடி வாங்குற வழி இன்னொண்ணு இருக்கு, சுட்ட பறவை புல்லுக்குள்ள விழும், ஆர்வத்துல கைய விட்டுத் துழாவுவோம். ஒரு குச்சி வச்சு புல்ல விலக்கிப் பாத்துட்டு எடுங்க. முழங்கால் வரைக்கும் வர்ற ஸ்நேக் பூட்ஸோ, காலைச் சுத்திக் கட்டுற ஸ்நேக் கெய்டரோ வாங்குங்க, முதல் செலவு அதுதான், பிஸ்டல் இல்ல. இன்னொண்ணு, புறா வேட்டையில ஏற்கனவே கையில ஷாட்கன், அதாவது ஒரே தடவையில நிறைய சின்ன ரவை சிதறி அடிக்கிற நீளத் துப்பாக்கி, இருக்கு, வேற வழியே இல்லாம ஒரு பாம்ப சுட்டே ஆகணும்னா அதவிட நல்லது எதுவும் கிடையாது.

அடுத்தது சாதா புல்லட்டால காலடியில சுடுறது. இத நான் நேர்ல பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி கூட வந்தவர் ஒருத்தர் இறுகிப்போன சுண்ணாம்புக்கல் ரோட்டுல ஒரு பாம்பப் பாத்து 9 எம்எம் பிஸ்டல எடுத்து மூணு ரவுண்ட் சுட்டார், ஒண்ணு கூட பாம்பு மேல படல, ஒண்ணு கல்லுல பட்டுத் தெறிச்சு எங்க வண்டிக் கதவுல ஓட்டை போட்டுது, அந்தக் கதவுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னுட்டு இருந்தார். இன்னிக்கு நினைச்சாலும் வயித்தக் கலக்குது. பாம்போட தலை சின்னது, ஆடிட்டே இருக்கும், பதட்டத்துல கை நடுங்கும், சுடுற திசையோ உங்க கால், பக்கத்துல நிக்கிறவங்க கால், நாய். தண்ணி மேல சாஞ்ச கோணத்துல சுட்டாலும் புல்லட் எகிறிப் போகும்.

சரி, ஸ்நேக் ஷாட் போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. அது சின்னச் சின்ன ரவை நிரப்பின தோட்டா, 22, 38 ஸ்பெஷல் மாதிரி காலிபர்ல, அதாவது தோட்டா அளவுல, எல்லாம் கிடைக்குது. புல்லட்ட விட இது எவ்வளவோ மேல், ஆனா சுமார் 10 அடிக்குள்ளதான் பிரயோஜனம், அதுக்கு மேல ரவை சிதறிடும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் பலதுல இது ஒழுங்கா சைக்கிள் ஆகாது, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறாது, ஜாம் ஆகும், அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க ரிவால்வர் வச்சிருக்காங்க. டாரஸ் ஜட்ஜ் மாதிரி 410ன்னு சொல்ற சின்ன சைஸ் ஷாட்கன் ஷெல் (ஷாட்கன் தோட்டா) போடுற ரிவால்வரும் இருக்கு, ஆனா பேரல் (குழல்) உள்ள சுருள் சுருளா வெட்டியிருக்கிற ரைஃப்ளிங் ரவையச் சுழட்டி விடுறதால நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி பரவும். எத வாங்கினாலும் ரேஞ்ச்ல, அதாவது சுட்டுப் பழகுற இடத்துல, அட்டையில சுட்டு எத்தனை அடியில எவ்வளவு பரவுதுன்னு பாக்காம காட்டுக்குக் கொண்டு போகாதீங்க. காதுக்கு பாதுகாப்பு இல்லாம ஒரு ரவுண்ட் சுட்டாலே காது போகலாம், பக்கத்துல நாய் இருந்தா அதுக்கும்தான்.

செத்த பாம்புதானேன்னு கையில எடுக்கிறது அடுத்தது. தலை துண்டான பிறகும் ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கு மேலயும், கடிக்கும். 2018ல டெக்சாஸ்ல கார்பஸ் கிறிஸ்டி பக்கம் ஒருத்தர் தோட்டத்துல பாம்பு தலைய வெட்டிட்டு எடுத்துப் போடும்போது அந்தத் தலையே கடிச்சு, 26 டோஸ் விஷமுறிவு மருந்து குடுக்க வேண்டியதாச்சு.

சட்டம் தெரியாம போறது பெரிய தப்பு, இதுல நம்மாளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. எச்1பி மாதிரி விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா குத்தம். செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அது காலாவதி ஆயிட்டா விதிவிலக்கும் போச்சு. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்லேர்ந்து பர்மிட் இல்லாமலே ஹேண்ட்கன் வச்சுக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்லுவார், அது ஸ்டேட் சட்டம், உங்க விசா விஷயத்த அது மாத்தாது. க்ரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுடுங்க, இதுல சிக்கினா அமெரிக்க வாழ்க்கையே போயிடும்.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறவும் செய்யும். கலிபோர்னியாவுல 2019 ஜூலை 1லேர்ந்து எந்த வனவிலங்க சுட்டாலும் ஈயம் இல்லாத தோட்டாதான், ராட்டில்ஸ்நேக்கும் அதுல அடக்கம். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம் டிம்பர் ராட்டில்ஸ்நேக் அழியற நிலையில இருக்கிற உயிர், கொல்லக் கூடாது. வாத்து வேட்டையில 1991லேர்ந்து நாடு முழுக்க ஈய ரவைக்குத் தடை, பாம்புக்குன்னு எடுத்துட்டுப் போன ஈய 410 ஷெல் பாக்கெட்டுல இருந்தாலே வார்டன், அதாவது வேட்டைய கண்காணிக்கிற அதிகாரி, கேஸ் எழுதலாம்.

கடிச்சிட்டா? அமெரிக்காவுல வருஷத்துக்கு 7,000லேர்ந்து 8,000 பேர விஷப்பாம்பு கடிக்குது, சாகறது 5 பேர் அளவுதான், காரணம் ஆஸ்பத்திரியும் மருந்தும். பிளேடால கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, ஐஸ் வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். பாம்பத் தேடிப் போய் சுட்டு எடுத்துட்டு வரவும் வேண்டாம், அப்படிப் போய் ரெண்டாவது கடி வாங்குறவங்க உண்டு, டாக்டருக்கு அந்தப் பாம்பு தேவையும் இல்ல. மோதிரம், வாட்ச் கழட்டிட்டு 911 கூப்பிடுங்க, வீக்கத்தோட விளிம்புல பேனாவால கோடு போட்டு நேரத்த எழுதுங்க. கூட இருக்கிறவர் முதல்ல கடிபட்டவர் இடுப்புல இருக்கிற துப்பாக்கிய வாங்கி, தோட்டாவ எடுத்துட்டு, வண்டியில பூட்டணும். வலியிலயும் மயக்கத்துலயும் இருக்கிற ஆள்கிட்ட லோட் பண்ணின கன் இருக்கவே கூடாது.